காட்டோர நிறுத்தத்தில் ஏறியவர்

கம்பெனி பஸ் ஓட்ட வந்திருக்கும் தம்பிகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளட்ச், கியர், மைலேஜ் பற்றியெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அது தெரியாமல் வந்திருந்தால் உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்தவனைப் போய்க் கேளுங்கள். ஓசூர் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் பஸ் ஓட்டியே என் இடுப்பு தேய்ந்துபோனது. அத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது எல்லாம் கதவுப் பக்கம்தான். யாரை ஏற்றுகிறோம், யாரை விட்டுவிட்டுப் போகிறோம். மற்றதை ரோடே பார்த்துக்கொள்ளும்.

நமக்கு முதலாளிகள் அதிகம். சம்பளம் கொடுப்பவர் டிராவல்ஸ்காரர். எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்று சொல்பவர் கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் ஆபீசர். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் தனித்தனி முதலாளிகள். லேட்டானால் அத்தனை பேரும் நம்மைத்தான் திட்டுவார்கள். ரோட்டோரம் நிற்கிறவர்களுக்காகப் பேச மட்டும் ஒரு ஆள் கிடையாது. அதை நாம்தான் பேச வேண்டும். பேசினால் மெமோ வரும். வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்லப்போவது ராயக்கோட்டை ரூட்டில் நடந்தது. காலை ஷிப்ட் பஸ் அது. ராயக்கோட்டையில் கிளம்பி, உத்தனப்பள்ளி தாண்டி, சானமாவு காட்டை ஒட்டியே ஓசூர் வரும். அந்தக் காட்டோரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே முன்பு ஒரு நிறுத்தம் இருந்தது. பெர்மனென்ட் தொழிலாளி ஒருவர் அந்த ஊர்க்காரர். அவர் ஓய்வு பெற்றதும் நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். கம்பெனி விதி அப்படி. பெர்மனென்ட் ஆள் தினமும் ஏறும் இடத்தில்தான் பஸ் நிற்கும். கான்ட்ராக்ட் ஆட்கள் அந்த நிறுத்தத்துக்கு வந்து ஏறிக்கொள்ளலாம், இடம் இருந்தால். அவர்களுக்கென்று தனியாக நிறுத்தம் கிடையாது.

அந்த ஊரிலிருந்து ரத்னம்மா என்று ஒரு பெண் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் கான்ட்ராக்ட் வேலை. புருஷன் முனிராஜ் போர்வெல் வண்டியில் வேலை செய்தவன். மேலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து வீட்டில் கிடந்தான். இரண்டு பெண் குழந்தைகள். அவள் சம்பளம் நின்றால் அந்த வீட்டில் உலை வைக்க வேறு வழியில்லை. அவள் ஊர் வாசல் வழியாகத்தான் நம் பஸ் போகும். ஆனால் அங்கே நிற்காது. அடுத்த நிறுத்தம்வரை அவள் இருட்டில் காட்டோரமாக நடந்து வந்து ஏற வேண்டும். ராகி அறுவடை நேரத்தில் அந்தப் பக்கம் ஆனை இறங்கும். உள்ளூர்க்காரனே அந்த ரோட்டில் விடியும் முன்பு கால் வைக்க மாட்டான்.

ஒருநாள் அவள் முழங்கால் கிழிந்து, சேலையெல்லாம் சேறாக வந்து ஏறினாள். ஆனைக் கூட்டம் ரோட்டைக் கடந்திருக்கிறது. ஓடி வாய்க்காலில் விழுந்து, அதிலேயே கிடந்து, அவை போனபிறகு எழுந்து வந்திருக்கிறாள். "பஸ் போயிருக்கும்னு பயந்துட்டேன்ணா" என்றாள். ஆனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னொரு முறை லேட்டானால் வேறு ஆள் போடுவேன் என்று கான்ட்ராக்டர் சொல்லியிருந்தானாம்.

மறுநாள் நான் அவள் ஊரிலேயே நிறுத்தி ஏற்றினேன். அடுத்த நாளும். வண்டியில் இருக்கும் ஜிபிஎஸ் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டது. டிராவல்ஸ்காரர் போனில் கத்தினார். நான் நேராக டிரான்ஸ்போர்ட் ஆபீசரிடம் போனேன்.

"வழியிலதான் சார் நிக்கிறா. ஒரே ஒரு பொம்பள."

"கான்ட்ராக்ட் ஆளுக்கு ஸ்டாப் போட முடியாதுப்பா. இன்னிக்கு அவளுக்குப் போட்டா நாளைக்கு எல்லா ஊர்லயும் கேப்பாங்க."

"ஆனை வருது சார்."

"ஃபாரஸ்ட்ல போய்ச் சொல்லு. நான் என்ன ஆனைக்கா ஆபீசர்?" அவர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "பெர்மனென்ட் ஒருத்தர் தினம் அங்க ஏறட்டும். அடுத்த நாளே ஸ்டாப் போடறன்."

அன்றைக்கு பஸ்ஸில் நான் அதை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "பஸ் நெறைய பெர்மனென்ட்டா உக்காந்துகினு இருக்கீங்க. ஒருத்தனுக்காவது அந்த ஊர்ல மாமியார் வீடு இல்லையா?"

பின் சீட்டில் லோகநாதன் இருந்தான். அசெம்பிளியில் வேலை, வாய்க்கு ஓய்வே கிடையாது. "மாமியார் வீடு இருந்தா நான் ஏன்ணா உன் பஸ்ல வரேன்? மாமனார் கார்ல வருவேன்" என்றான். பஸ்ஸே சிரித்தது. அவ்வளவுதான் நடந்தது.

இல்லை, இன்னொன்றும் நடந்தது. வாட்ஸ்ஆப் குரூப்பில் பேசி ஆளாளுக்குப் போட்டு ரத்னம்மாவுக்கு ஒரு டார்ச் லைட் வாங்கினார்கள். கம்பெனி வாசலில் அவளை நிற்க வைத்து, ஒரு டார்ச்சை ஏழெட்டுக் கைகள் பிடித்துக்கொண்டு போட்டோ. இருட்டில் லைட் அடித்தால் ஆனை விலகிப் போகும் என்று எவன் சொன்னான்? வெளிச்சம் வந்த பக்கம் திரும்பும். காட்டோரத்துக் குழந்தைக்கும் அது தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனாலும் போட்டோவுக்குச் சிரித்தாள். இல்லாதவர்களை நாம் இப்படித்தான் வேலை வாங்குகிறோம். நாம் கொடுத்த சந்தோஷத்துக்கு அவர்கள் சிரித்துக் காட்ட வேண்டும்.

இங்கேதான் அந்த மனுஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. பஸ்ஸில் எல்லாரும் அவரை 'பாஸ்டர்' என்று கூப்பிடுவார்கள். கேலிதான். அவர் பாஸ்டர் எல்லாம் இல்லை. பெயின்ட் ஷாப்பில் சீனியர் தொழிலாளி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். உத்தனப்பள்ளியில் வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாருக்கும் முன்னால் போய்ப் பாய் விரிப்பது அவர் வேலை. டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பு கண்ணை மூடி ஜெபம் செய்வார். அதற்குத்தான் அந்தப் பெயர். எனக்கு மைக் வைத்துக் கத்துகிறவர்களைப் பிடிக்காது, எந்தச் சாமியாக இருந்தாலும். இவர் கத்தியதே இல்லை. அதனால் எனக்கு அவர்மேல் புகாரும் இல்லை, பெரிய மரியாதையும் இல்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு வருவார், போவார்.

ஒருநாள் ஆபீசர் போன் செய்தார். "உன் காட்டு ஸ்டாப் வந்துடுச்சுப்பா. ஒரு பெர்மனென்ட் எழுதிக் குடுத்துட்டார்" என்றார். யாரென்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். மறுநாள் காலையில் உத்தனப்பள்ளியில் பாஸ்டரைக் காணோம். காட்டோர ஊர் வாசலில் நிறுத்தினால், தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு அவர் நிற்கிறார். பக்கத்துப் புளியமரத்தடியில் அவருடைய பழைய மொபெட். அவருக்குப் பின்னால் ரத்னம்மாவும், நிறுத்தம் வந்ததைக் கேட்டு வேலைக்குக் கிளம்பிய இன்னும் இரண்டு பெண்களும்.

கம்பெனியில் இறங்கும்போது அவரை ஓரமாக நிறுத்தினேன்.

"வீடு மாத்திட்டீங்களா?"

"இல்லண்ணே."

"அப்புறம் எதுக்கு அங்க வந்து ஏர்றீங்க?"

"ஏறுதேன். அவ்வளவுதான்." சுற்றிலும் பார்த்துக்கொண்டார். "யார்ட்டயும் சொல்லிராதீங்க. அந்தப் பிள்ளைக்கும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா என்னப் பாக்கும்போதெல்லாம் தலையக் குனியும். குடுக்கத மறைச்சுக் குடுக்கணும்னு எங்க ஆண்டவர் சொல்லியிருக்காரு."

"பனியில மொபெட்ல அந்த ரோட்ல வரீங்க. உங்களப் பாத்தா மட்டும் ஆனை ஸ்தோத்திரம் சொல்லிட்டு ஒதுங்கிக்குமா?"

"சொன்னா நல்லாத்தான் இருக்கும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒருநாள் தவறவில்லை. காய்ச்சலோடு வந்திருக்கிறார், மப்ளருக்குள் பல் அடித்துக்கொள்ளும். லீவு போட்ட நாளிலும் வந்தார். அதுதான் என்னால் தாங்க முடியாதது. காலையில் காட்டோரத்தில் வந்து ஏறுவார். கம்பெனி வாசலில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துத் திரும்பி வந்து, மொபெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஒருநாள் அவர் ஏறவில்லை என்றால் பஸ்ஸிலிருக்கும் எவனாவது, "பெர்மனென்ட் ஆளே இல்லாத இடத்துல பஸ் நிக்குது" என்று ஆபீசுக்குப் போட்டுக் கொடுப்பான் என்று அவருக்குத் தெரியும். நிறுத்தம் போனால் ரத்னம்மா மறுபடி காட்டோரம் நடக்க வேண்டும்.

ஆனால் பஸ்ஸில் இருப்பவர்களுக்குக் கண் இருக்கிறதே. உத்தனப்பள்ளி ஆள் ஏன் இங்கே வந்து ஏறுகிறார்? லீவு நாளில் ஏன் வருகிறார்? லோகநாதன்தான் ஆரம்பித்தான்.

"லீவுலகூட ஊழியம் நடக்குது பாருங்கப்பா! சொல்லுங்க பாஸ்டர், ஜெபமெல்லாம் பஸ் ஸ்டாப்லயா, இல்ல வீட்டுக்கே போயா?"

பஸ் சிரித்தது. பாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ரத்னம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். நான் கண்ணாடியில் பார்த்து, "வாய மூடுடா, இல்லன்னா இங்கயே எறக்கி விட்டுடுவன்" என்றேன். வாய் மூடியது. பேச்சு மூடவில்லை. அது உத்தனப்பள்ளிக்கும் போனது. சர்ச்சில் பெரியவர்கள் கூடி, இனிப் பாய் விரிக்க வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். அதற்கும் அவர் வாய் திறக்கவில்லை. சரி என்று பின் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாராம்.

பிறகு அது முனிராஜ் காதுக்குப் போனது.

ரத்னம்மா வேலைக்கு வருவதை நிறுத்தினாள். கூட வரும் பெண் ஒருத்தியிடம் கேட்டேன். "அவ புருஷன் போகக் கூடாதுன்னுட்டான்ணா. ஊரே சிரிக்குதாம். சாப்பாடு இல்லாம செத்தாலும் பரவால்லைன்றான். திங்கக்கிழமை வரலன்னா வேற ஆளு எடுத்துக்கறன்னு கான்ட்ராக்டரும் சொல்லிட்டான்."

எனக்கு வந்த கோபம் லோகநாதன்மேல் இல்லை. அவன் அப்படித்தான், அவனை எதிர்பார்த்து யாரும் வாழவில்லை. கோபம் எல்லாம் பாஸ்டர்மேல்தான். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து அவரை பஸ் நிற்கும் பார்க்கிங்கில் பிடித்தேன்.

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்ணே. ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கேன்."

"ஜெபம் அப்புறம் பண்ணலாம், மொதல்ல வாயத் தெறங்க. நல்ல பேரு போனாலும் பரவால்லைன்னு நீங்க அடக்கமா உக்காந்துகினு இருக்கீங்க. நல்லாத்தான் இருக்குது. பட்டினி யாருக்கு? அவளுக்கா? அடக்கம் உங்களுது, பட்டினி அவங்களுதா? இது என்னங்க கணக்கு?"

அவர் மொபெட் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கு ஆராதனை முடிஞ்சு போவம். நீங்களும் வாங்க" என்றார்.

தம்பிகளே, நீங்கள் உதவி செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். போட்டோ எடுத்து உதவி செய்கிறவனை எல்லாரும் திட்டுவோம், நானும் திட்டினேன். மறைத்து உதவி செய்கிறவரைத் திட்ட நமக்குத் தோன்றாது. ஆனால் இரண்டு பேருமே ஒரே இடத்தில்தான் கோட்டை விட்டார்கள். அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிறு மதியம் பாஸ்டர், அவர் மனைவி, நான் மூன்று பேரும் போனோம். அந்த அம்மாவுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். "நல்லது செய்யுததையுங்கூட இவிய களவாணி மாதிரிதான் செய்வாவ" என்றார்.

சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. முனிராஜ் இரும்புக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும், "வாங்க வாங்க. ஊருக்கெல்லாம் தெரிஞ்ச ஆளு. என் வீட்டுக்கு மட்டும் இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றான்.

நாற்காலி இருந்தது. பாஸ்டர் அதில் உட்காரவில்லை. கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொன்னார். விதியை, நிறுத்தத்தை, லீவு நாளில் வந்ததை. சொல்லி முடித்ததும் முதலில் பேசியது முனிராஜ் இல்லை, அடுப்புப் பக்கம் நின்றிருந்த ரத்னம்மா.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்லண்ணா?" அழுகை இல்லை, கோபம். "அந்த லோகநாதன் பேசறப்பல்லாம் தலையக் குனிஞ்சுகினு வந்தனே. எதுக்குக் குனியறன்னுகூடத் தெரியாம குனிஞ்சன். தெரிஞ்சிருந்தா நிமிந்து நின்னு செருப்பக் கழட்டியிருப்பன்."

பாஸ்டரின் முகம் சுருங்கிப்போனது. அவள் தலை குனியக் கூடாது என்றுதான் அவர் அத்தனையும் மறைத்தார்.

"மன்னிச்சிருங்கம்மா" என்றார். பிறகு முனிராஜைப் பார்த்தார். "தம்பி, நீங்களும் மன்னிக்கணும். உங்களுக்காகத்தான் மறைக்கேன்னு நெனச்சேன். இப்ப யோசிச்சா அதுல பாதி எனக்காக. ஒருத்தருக்கும் தெரியாமச் செய்யுதேன்னு உள்ளுக்குள்ள எனக்கு ஒரு பெருமை. பாய் விரிக்க வேண்டாம்னு சொன்னப்பகூட, பாத்தியா எவ்வளவு பொறுத்துப் போறேன்னு எனக்கு நானே மெச்சிக்கிட்டேன். அந்தப் பெருமைக்கு உங்க பேரையும் சேத்துக் கெடுத்துட்டேன்."

நான் நிறையப் பேர் மன்னிப்புக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். தப்புச் செய்தவன் கேட்பான், மாட்டிக்கொண்டவன் கேட்பான். நல்லது செய்துவிட்டு, அதற்குத் தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்ட ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அவருடைய வேதம் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை. ஆனால் அதில் பணிவு என்று எதைச் சொல்லியிருப்பார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

முனிராஜ் கட்டில் சட்டத்தை விரலால் தட்டிக்கொண்டே இருந்தான். "போர் வண்டில வேல பாத்தவன் நான். எவன்கிட்டயும் ஒரு பீடி சும்மா வாங்கினவன் இல்ல. என் பொண்டாட்டிக்கு இன்னொருத்தன் காவலா வந்து நிக்கிறான், எனக்கே தெரியாம. அது எனக்கு எப்பிடி இருக்கும்? சொல்லு."

"கஷ்டமாத்தான் இருக்கும்."

"ம்." இன்னும் கொஞ்ச நேரம் தட்டினான். "சரி, நாளைக்கு அவ வருவா. ஆனா ஒண்ணு. நீ புளியமரத்துக்கடியில நிக்கக் கூடாது. வண்டிய எங்க வாசல்ல விடு. தெனம் இங்க ராகிக் கூழு குடிச்சிட்டுதான் பஸ் ஏறணும்."

பாஸ்டர் பதறிப்போனார். "ஐயையோ, உங்களுக்கு எதுக்குத் தம்பி செரமம்? இருக்குததே கொஞ்சம். நான் வீட்லயே குடிச்சிட்டுத்தான்..."

"அப்ப நீ மட்டும் குடுத்துகினே இருப்ப. நாங்க வாங்கிகினே இருக்கணும். அதானே?"

பாஸ்டரின் மனைவி அவர் முதுகில் ஒரு குத்து விட்டார். "வாங்கிக்கிடுங்க. குடுக்க மட்டுந்தான் தெரியுமாக்கும்?"

அவர் கீழே பார்த்துக்கொண்டு, "சரி தம்பி, குடிக்கேன்" என்றார். காய்ச்சலோடு பனியில் மொபெட் ஓட்டி வந்த மனுஷன்தான். ஆனால் அந்த மூன்று வார்த்தை சொல்ல அவர் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை. காட்டோர நிறுத்தத்தில் யாரும் இல்லை. புளியமரத்தடி காலி. முனிராஜ் மறுபடி மனது மாறியிருந்தால்? பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தினேன்.

"ஆளே இல்லையே, எடுண்ணா! பஞ்ச் லேட்டாகும்" என்று லோகநாதன் பின்னாலிருந்து கத்தினான்.

அப்போதுதான் பார்த்தேன். ரோட்டை ஒட்டிய முதல் வீடு அவர்களுடையது. வாசலில் லைட் எரிந்தது, பெண்கள் மூன்று பேரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். முனிராஜ் கட்டையை ஊன்றிக்கொண்டு எப்படியோ வெளியே வந்து ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். எதிரே பாஸ்டர் குத்துக்காலிட்டு ஒரு பெரிய சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கூழ் கொதித்திருக்க வேண்டும். ஊதி ஊதிக் குடித்தார். பஸ்ஸைப் பார்த்ததும் அவசரமாக எழப் பார்த்தார். முனிராஜ் தோளைப் பிடித்து அமுக்கினான்.

"என்னண்ணா இது, ஓட்டல் ஸ்டாப்பா?" என்றான் லோகநாதன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி.

"எவன்டா அது?" முனிராஜ் குரல் காட்டுக்கே கேட்டிருக்கும். போர் வண்டிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. "எங்க வூட்டு ஆளு சாப்ட்டுகினு இருக்கறாரு. அவசரம்னா எறங்கி நட. பேச்சுத் தொணைக்கு ஆனை வரும்."

பஸ் சிரித்தது. இந்த முறை லோகநாதனைப் பார்த்து.

ரத்னம்மா முதலில் ஏறினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பின் சீட்டுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எனக்குப் பின்னாலிருந்த பாஸ்டரின் சீட்டில் போய் உட்கார்ந்தாள். கான்ட்ராக்ட் ஆள் அந்த சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒருவனும் எழுந்திரு என்று சொல்லவில்லை.

கீழே பாஸ்டர் சொம்பைக் காட்டி, போதும் என்று தலையாட்டினார். முனிராஜ் சொம்புக்குள் எட்டிப் பார்த்து, இன்னும் பாதி இருக்கிறது என்று சைகை செய்தான்.

நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.